எச்.ஆர்.வி. 38: கடிகாரம் கோளாறா, இதயம் கோளாறா?

ஏப்ரல் 3, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

"வயது 36. மூன்று மாதமாக ஓடுகிறேன். புதிதாக வாங்கிய விளையாட்டுக் கடிகாரம் தினமும் காலையில் எச்.ஆர்.வி. என்று ஓர் எண்ணைக் காட்டுகிறது. எனக்கு 38. அலுவலக நண்பருக்கு 92. அவர் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். 50க்குக் கீழே இருந்தால் ஆபத்து என்று எங்கோ படித்தேன். கடிகாரம் கோளாறா, இதயம் கோளாறா?"

ஏப்ரல் 3, இரவு 10.40

இரண்டும் இல்லை. ஒப்பிட்டதுதான் கோளாறு. எச்.ஆர்.வி. என்பது இதயத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற அளவு.

நண்பர் கட்டியிருப்பது எந்தக் கடிகாரம்? ஆப்பிள் என்றால் அது காட்டுவது எஸ்.டி.என்.என். என்ற கணக்கு. கார்மின், ஃபிட்பிட், ஊரா மோதிரம் போன்றவை போடுவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற வேறு கணக்கு. இரண்டுக்கும் அலகு மில்லி விநாடி என்பதால் ஒன்று போலத் தெரிகிறது. ஒருவர் மாத வாடகையைச் சொல்கிறார், இன்னொருவர் அட்வான்ஸைச் சொல்கிறார். இரண்டும் ரூபாய்தான். அதை வைத்து யார் வீடு பெரியது என்று சொல்ல முடியுமா?

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் சுவர்க்கடிகாரம் போல விநாடிக்கு ஒரு துடிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். இதயம் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 1012 மில்லி விநாடி இருக்கும். அடுத்து 968, பிறகு 1035, 990, 1021. இந்தக் கூடுதல் குறைச்சலின் அளவுதான் எச்.ஆர்.வி. ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. போடப் பெரிய படிப்பு வேண்டாம். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுங்கள்: 44, 67, 45, 31. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9411. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 43. எஸ்.டி.என்.என். இப்படிப் பக்கத்து வீட்டை மட்டும் பார்ப்பதில்லை; எல்லா இடைவெளிகளும் தம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்க்கும்.

ஒரே கணக்கு, ஒரே கடிகாரம் என்றாலும் ஆளுக்கு ஆள் எண் மாறும். வயது ஏற ஏற இறங்கும். எனக்கு வயது 49, வழக்கமான எண் 41, 42. அடையாற்றில் என்னோடு ஓடும் ஒருவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், எண் 29. திரு.வி.க. பாலம் ஏறும்போது அவர் முதுகைத்தான் நான் பார்க்கிறேன்.

அந்த 50 எங்கிருந்து வந்தது என்று தேடிவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 4, காலை 6.15

விடிவதற்குள் மூன்று பேர் என் கணக்குத் தப்பைப் பிடித்துவிட்டீர்கள். இடைவெளிகள் ஐந்து, வித்தியாசங்கள் நான்கு. நான்கால்தான் வகுக்க வேண்டும். விடை 48.5. ஐந்து தூணுக்கு நடுவே நான்கு வேலிதான் என்பதை மறந்துவிட்டேன். 24 ஆண்டாக மற்றவர்களின் கணக்கைத் தணிக்கை செய்து பிழைக்கிறவன் நான். இதை என் அலுவலகத்தில் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 4, இரவு

50 கிடைத்துவிட்டது. 1987இல் வெளியான அமெரிக்க ஆய்வு. மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு ஹோல்ட்டர் என்ற இதயப் பதிவுக் கருவியை மாட்டி, 24 மணி நேரப் பதிவில் எஸ்.டி.என்.என். கணக்கிட்டார்கள். 50க்குக் கீழே இருந்தவர்கள், 100க்கு மேலே இருந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். இதயவியலில் பெயர் பெற்ற ஆய்வு அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உங்களுக்கு மாரடைப்பு வரவில்லை. உங்கள் எண் 24 மணி நேரத்துப் பதிவிலிருந்து வரவில்லை. அது எஸ்.டி.என்.என்.னும் இல்லை. மூன்றும் பொருந்தாத இடத்தில் அந்த 50ஐக் கொண்டுவந்து நட்டவர் யாரோ, அவர் உங்கள் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார். தூக்கம் கெட்டாலும் எண் இறங்கும் என்பது கூடுதல் சேதி. ஐந்து நிமிடப் பதிவையும் 24 மணி நேரப் பதிவையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது என்று ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 1996இலேயே சேர்ந்து எழுதிவைத்துவிட்டன.

ஏப்ரல் 7

"துடிப்பு ஒழுங்காக இருப்பதுதானே நல்லது, ஏற்றத்தாழ்வை ஏன் கொண்டாடுகிறீர்கள்?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் இரண்டு வருடம் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருந்தேன்.

நரம்புகளின் தலையீடு இல்லாமல் விட்டால் இதயம் தன்பாட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை 60க்கும் 70க்கும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. அந்தப் பிடி ஒரே சீராக இருக்காது. மாட்டுவண்டிக்காரர் கயிற்றைச் சற்று விட்டு, சற்று இழுத்துப் போவாரே, அப்படி. விடுவதும் இழுப்பதும் ஒரு துடிப்புக்குள்ளேயே நடந்துவிடும். இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகளுக்கு அந்த வேகம் கிடையாது, பல விநாடிகள் பிடிக்கும். ஆகவே பக்கத்துப் பக்கத்துத் துடிப்புகளின் வித்தியாசம் என்பது பெரும்பாலும் வேகஸ் கயிற்றின் அசைவு. சோர்வு, காய்ச்சல், பதற்றம் எது வந்தாலும் வேகஸ் பின்வாங்கும், வித்தியாசம் சுருங்கும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால், ஆரம்பத்தில் அந்த இதயம் கிட்டத்தட்ட சுவர்க்கடிகாரம் போலவே துடிக்கும்.

இதை நான் முதன்முதலில் பார்த்தது கடிகாரத்தில் இல்லை. பதினேழு வருடத்துக்கு முன்பு பிரசவ அறையில் என் மனைவியின் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் துடிப்பைக் காகிதச் சுருளில் ஓட விட்டிருந்தார்கள். கோடு கோழி கிளறினது போல இருந்தது. நான் பயந்துபோய்க் கேட்டேன். "கிறுக்கலாக இருந்தால்தான் சார் நல்லது, நேராகப் போனால்தான் டாக்டரைக் கூப்பிடுவோம்" என்றார் செவிலியர். துடிப்பின் வேகம் மாறுவதற்கு முன்பே அதன் நெளிவு குறைந்துவிடும் என்று 1965இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் எழுதியது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. செவிலியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஏப்ரல் 8

நம் சித்த மருத்துவர்கள் இதைத்தானே நாடி பிடித்துச் சொன்னார்கள் என்று இருவர். வாத நாடி அன்னம் போலவும் மயில் போலவும் நடக்கும், பித்தம் ஆமை போல, கபம் தவளை போல என்ற வர்ணனை எனக்கும் பிடிக்கும். நாடியின் நடையைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது பெரிய விஷயம். அதற்காக அவர்கள் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். தவளையை மில்லி விநாடியில் அளக்க எனக்கு வழி தெரியாது. இந்த விஷயத்தை இதோடு விடுவோம்.

ஏப்ரல் 12

விடுமுறை நாள், கையில் காபி. இதைச் செய்து பாருங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள், ஐந்து எண்ணும் வரை விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வரும், விடும்போது தள்ளிப் போகும். இளவயதுக்காரர்களுக்கு நன்றாகவே தட்டுப்படும். 1847இல் கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானியர் சுழலும் உருளையில் காகிதத்தைச் சுற்றி, இதை வரைந்து காட்டினார்.

இப்போது தில்லுமுல்லு. கடிகாரத்தின் ஐந்து நிமிட அளவீட்டை ஓடவிட்டு, வழக்கம் போல மூச்சு விட்டேன்: 41. உடனே மறுபடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு: 67. ஐந்து நிமிடத்தில் என் இதயம் இருபது வயது குறைந்துவிட்டதாக யாராவது சொல்வார்களா? மூச்சு மாறியது, எண் மாறியது. காலையில் அளக்கிறவர்கள் மூச்சை அதன் போக்கில் விடுங்கள். எண்ணை ஏற்றிக் காட்ட ஆசைப்பட்டால் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆனால் முந்தின நாளோடு ஒப்பிடாதீர்கள்.

படுத்துக்கொண்டா, உட்கார்ந்தா என்று கேட்டவருக்கு: எதுவானாலும் சரி, தினமும் அதே. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால். மேலே காபி கையில் என்று எழுதியது நாடி பிடித்துப் பார்க்கத்தான்.

ஏப்ரல் 19

கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு எதற்கு என்று என் மகள் கேட்டாள். ரத்தத்தின் சிவப்பு பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். துடிப்பு வரும்போது தோலடியில் ரத்தம் சற்றுக் கூடும், திரும்பி வரும் ஒளி சற்று மங்கும். அந்த மங்கலை எண்ணுவதுதான் கடிகாரத்தின் வேலை என்றேன். "அப்படியென்றால் ரத்தம் இல்லாத பொருளில் எதுவும் காட்டாதுதானே, அப்பா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறையிலிருந்து ஒரு நேந்திரம் பழத்தைக் கொண்டுவந்தாள். மணிக்கட்டுப் பருமனுக்குச் சரியாக இருந்தது. கட்டினோம். சில விநாடி தடுமாறிவிட்டு 74 காட்டியது.

நேந்திரம் நிதானமாகத்தான் இருக்கிறது. என் மனைவி அதன் எச்.ஆர்.வி. எவ்வளவு என்று கேட்டாள். கடிகாரம் எச்.ஆர்.வி. நிலையைச் சொல்ல மூன்று வாரம் தொடர்ந்து தூங்கும்போது கட்டியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். பழம் அவ்வளவு நாள் தாங்காது.

சிரிப்பை விடுங்கள். ஒளியில் எப்போதும் ஏதோ ஒரு நடுக்கம் இருக்கும். அதில் தாளம் தேடச் சொன்னால் மென்பொருள் தாளத்தைக் கண்டுபிடித்தே தீரும். தளர்வாகக் கட்டினாலும், மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டினாலும், பச்சை குத்திய தோலின் மேல் கட்டினாலும் பாதி நேந்திரக் கணக்குதான் கிடைக்கும். எலும்பிலிருந்து ஒரு விரல் மேலே, இறுக்கமாக.

ஏப்ரல் 27

நெஞ்சுப் பட்டை வாங்கிவிட்டேன். வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை.

இரண்டும் அளப்பது ஒரே பொருளை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பட்டை பிடிப்பது இதயத்தின் மின்துடிப்பை, ஈ.சி.ஜி. போல. அதில் ஒவ்வொரு துடிப்பும் ஊசிமுனையாக நிற்கும். முனை எந்த மில்லி விநாடியில் என்று சொல்வது எளிது. மணிக்கட்டில் வருவது ரத்த அலை. இதயத்திலிருந்து கிளம்பிக் கைவழியே ஓடி வந்து சேரும்போது மொட்டையான மேடு. மேட்டின் உச்சி எது என்பதில் பத்து மில்லி விநாடி முன்பின்னாகத்தான் இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ண இது போதும். 40 மில்லி விநாடி வித்தியாசத்தை அளக்கிறவனுக்குப் பத்து என்பது பெரிய தொகை.

அசையாமல் தூங்கும்போது மணிக்கட்டும் மோசமில்லை. ஐந்து இரவு இரண்டையும் கட்டிப் படுத்தேன். பட்டை 44 என்றால் கடிகாரம் 41, பட்டை 37 என்றால் கடிகாரம் 36. ஏறும்போது இரண்டும் ஏறின, இறங்கும்போது இறங்கின. ஓடும்போது கடிகாரம் ஏன் எச்.ஆர்.வி. காட்டுவதில்லை என்று கேட்டவருக்கும் இதில் பதில் இருக்கிறது: கை ஆடுகிறது, மேடெல்லாம் குலைகிறது, போதாததற்கு ஓட்டத்தில் வேகஸ் கயிற்றைப் பெருமளவு விட்டுவிடுவதால் அளக்கவும் அதிகம் மிஞ்சுவதில்லை.

பட்டையின் மின்முனைகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கட்டச் சொல்கிறது கையேடு. குளிர்நாட்டில் எழுதிய கையேடு. சென்னையில் பட்டையைக் கட்டிச் செருப்பு மாட்டுவதற்குள் தானே நனைந்துவிடுகிறது.

இந்தச் சாமான்களில் பாதி ஏன் ஃபின்லாந்திலிருந்து வருகிறது என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். போலார் நிறுவனம் 1977இல் அங்கே கெம்பலே என்ற ஊரில் தொடங்கியது, பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காக. கம்பியில்லாமல் நெஞ்சிலிருந்து மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் கருவியை 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கார்மின் கடிகாரத்தின் கணக்குகள் பலவற்றைப் போட்டுக்கொடுத்த ஃபர்ஸ்ட்பீட்டும் ஃபின்லாந்துக்காரர்கள்தான், யுவாஸ்குலா நகரம்; 2020இல் கார்மினே அதை வாங்கிவிட்டது.

மே 2

இன்று காலை, பட்டையில் ஐந்து நிமிடம்: 104!

ஆறு வாரமாகக் கூட்டிய தூரம், எலியட்ஸ் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் ஓடியது, எதுவும் வீண் போகவில்லை. கேள்வி கேட்டவரின் நண்பரை நான் முந்திவிட்டேன். இன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

மே 9

இரவு முழுக்கக் கடிகாரம் எடுத்த சராசரி 25. நான்கு ஆண்டில் இவ்வளவு இறங்கியது காய்ச்சலுக்கு முன்னால் மட்டும்தான். வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கடிகாரம் கண்டுபிடித்துவிட்டது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மிளகு ரசம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மே 10

காய்ச்சல் வரவில்லை. எண் 40.

"முந்தாநாள் கல்யாண வரவேற்பில் பத்தரை மணிக்குப் பரோட்டா, இரண்டு பாதாம் அல்வா, ஐஸ்கிரீம், அதன் மேல் ஒரு பீடா. அதைக் கடிகாரத்திடம் சொன்னீர்களா?" என்று கேட்கிறாள் மனைவி. வயிறு வேலை செய்துகொண்டிருக்கும்போது இதயத் துடிப்பு இறங்காது, எச்.ஆர்.வி. ஏறாது. படித்ததுதான். மது அருந்துகிறவர்கள் இதைவிடத் தெளிவாகப் பார்ப்பார்கள். ஓரிரு கோப்பை போதும், அந்த இரவின் வரைபடமே மாறிவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். மறுநாள் அவர் அதே அளவு குடித்ததாகவும் எழுதியிருக்கிறார்.

அக்கினி நட்சத்திரத்தையும் கணக்கில் சேருங்கள். செவ்வாய் இரவு ஒன்றரை மணிக்கு மின்சாரம் போய் மூன்றுக்கு வந்தது. வரைபடத்தில் அந்த ஒன்றரை மணி நேரம் அப்படியே பள்ளமாகத் தெரிகிறது. மின்வாரியத்துக்கு அனுப்ப நினைத்தேன்.

மே 17

மே 2ஆம் தேதிக் குறிப்பை யாரும் நம்ப வேண்டாம். அதை அழிக்காமல் விடுகிறேன், என் திமிருக்குச் சாட்சியாக.

104க்குப் பிறகு 43, 39, 88, 42, 97 என்று வந்தது. உடற்தகுதி இப்படி எலிபோலக் குதிக்காது. நேற்று இரவு உட்கார்ந்து இடைவெளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உயர்ந்த நாட்களில் எல்லாம் இப்படி ஓர் இடம்: 1000, 640, 1350, 1000. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்திருக்கிறது, அடுத்தது காத்திருந்து வந்திருக்கிறது. திடீரென்று நெஞ்சில் ஒரு தட்டு, பிறகு ஒரு நொடி வெறுமை, பலருக்குத் தெரிந்த உணர்ச்சிதான். எனக்கு அது தோன்றியதுகூட இல்லை.

கணக்கைப் பாருங்கள், இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன். வித்தியாசங்கள் 360, 710, 350. வர்க்கங்களின் கூட்டு 7,56,200. ஐந்து நிமிடத்தில் 300 வித்தியாசங்கள், உண்மையான எண் 40 என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரே ஒரு முந்திய துடிப்பு 40ஐ 64 ஆக்கிவிடும். இரண்டு வந்தால் 81. மூன்று வந்தால் 95. வர்க்கப்படுத்துகிற கணக்கில் ஒரு பெரிய தப்பு, முந்நூறு சின்ன உண்மைகளை விழுங்கிவிடுகிறது. வரவுசெலவில் ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுந்த பட்டியலைப் பார்த்த மாதிரியே இருந்தது.

இந்தத் துடிப்புகளை வடிகட்டத்தான் செயலியில் 'திருத்தம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை வாங்கிய அன்றே அணைத்துவைத்தவன் நான்தான். கலப்படமில்லாத கணக்கு வேண்டுமாம் எனக்கு.

ஆகவே, கேள்வி கேட்டவரே: எண் உயர்ந்தால் நல்லது என்று ஏப்ரலில் நான் பேசிய தோரணையைத் திரும்பப் பெறுகிறேன். துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயில் எண் வானத்துக்கு ஏறும். அது ஆரோக்கியம் அல்ல. உங்கள் நண்பரின் 92 எஸ்.டி.என்.என். ஆக இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்திருக்கக் கூடாது. ஒரு முறை ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மே 24

நானும் எடுத்துக்கொண்டேன். பிறருக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் வீட்டில் சும்மா விடுவார்களா? ஈ.சி.ஜி., எக்கோ, அதன்பிறகு 24 மணி நேர ஹோல்ட்டர். மார்பில் ஒட்டிய வில்லைகள் மே மாதப் புழுக்கத்தில் கழன்று கழன்று விழுந்தன. குளிக்கக் கூடாது என்றது தனி வேதனை.

மருத்துவர் என் வரைபடங்களை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார், பார்ப்பது போல நடித்திருக்கவும் கூடும். முந்திய துடிப்புகள் இருக்கின்றன, எண்ணிக்கை குறைவு, இதயத்தின் அமைப்பில் குறை இல்லை, பலருக்கும் இருப்பதுதான் என்றார். தூக்கத்தைச் சரிசெய்து, நாளைக்கு நான்கு காபியை இரண்டாக்கச் சொன்னார். தலைசுற்றலோ, மயக்கமோ, ஓட்டத்தின் நடுவே படபடப்போ வந்தால் உடனே வரச் சொன்னார். கடிகாரத்தைப் பற்றி அவர் கேட்டது ஒன்றுதான்: "மணி சரியாகக் காட்டுகிறதா?"

இது எனக்குச் சொன்ன பதில். உங்களுக்கு வேறாக இருக்கலாம். என் குறிப்பைக் காட்டி மருத்துவரைத் தவிர்க்காதீர்கள்.

ஜூன் 1

நோட்டு விஷயம். மே 2 முதல் 31 வரை முப்பது காலை. கண் விழித்ததும், எண்ணைப் பார்ப்பதற்கு முன், மூன்றில் ஒன்றை எழுதுவேன்: கூடுதல், வழக்கம், குறைவு. பிறகு கடிகாரத்தின் இரவுச் சராசரியைப் பார்ப்பேன். பட்டைக் கணக்குத்தான் சந்தி சிரித்துவிட்டதே, அதைச் சேர்க்கவில்லை. 37 முதல் 46 வரை வழக்கம் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொண்டேன்.

முப்பதில் 22 நாள் என் கணிப்பும் கடிகாரமும் ஒன்று. எட்டு நாள் பிசகு. அந்த எட்டில் ஐந்து நாள் எனக்கு உடம்பு நன்றாக இருந்தது, கடிகாரம் குறைவு என்றது. ஐந்து நாளும் ஓடினேன், நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை, ஒரு நாள் எட்டாவது கிலோமீட்டரில் கால் கெஞ்சியது. மீதி மூன்று நாள் எனக்கு எழவே முடியவில்லை, கடிகாரம் வழக்கம் என்றது. ஒன்று பல்வலி. ஒன்று முந்தின இரவு வீட்டில் சண்டை. மூன்றாவதற்குக் காரணம் தெரியவில்லை.

அப்படியானால் கடிகாரம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்த 22ஐ நான்கு வருடத்துக்கு முன்னால் கணித்திருப்பேனா? சந்தேகம்தான். தினமும் எண்ணைப் பார்த்துப் பார்த்து, பிந்திய சாப்பாட்டின் உடம்பு எப்படி இருக்கும், இரண்டு நாள் தொடர்ந்து வேகமாக ஓடிய உடம்பு எப்படி இருக்கும் என்று பழகியிருக்கிறது. கரும்பலகையில் எழுதிக்கொடுத்த வாத்தியார் இல்லாமல் இப்போது கூட்டல் போடுகிறேன், அவ்வளவுதான்.

இதில் என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. மே மாதத்துக்கு முந்திய ஓட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். எண் குறைவு என்று முதலில் பார்த்துவிட்டு ஓடப் போன நாட்களில் எல்லாம் "கால் கனம்" என்று எழுதியிருக்கிறேன். நோட்டில் கணிப்பை எழுதிய பிறகு பார்த்த மாதத்தில் அதே குறைந்த எண்ணுக்கு ஒரே ஒரு நாள்தான் கால் கனத்தது. கால் கனத்ததா, கண் பார்த்ததால் கனத்ததா? இப்போது எண்ணை ஓடிவிட்டு வந்துதான் பார்க்கிறேன்.

எண்ணைப் பார்த்துப் பயிற்சியை மாற்றினால் பலன் கூடும் என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2007இல் காட்டியதை ஒருவர் சுட்டிக்காட்டினார். தெரியும். எண் விழுந்தால் இலகுவான பயிற்சி, இல்லையென்றால் கடினப் பயிற்சி என்று கட்டுப்பாடாகப் பின்பற்றினார்கள். நான் எண் விழுந்தால் கவலைப்பட்டேன், ஏறினால் பீற்றிக்கொண்டேன். அது ஆய்வுமுறை ஆகாது. பின்பற்ற விரும்புகிறவர்கள் ஏழு நாள் சராசரியை வைத்துப் பின்பற்றுங்கள். ஒரு நாள் எண் சில்லறை. வாரச் சராசரிதான் பேரேட்டில் ஏறும்.

ஜூன் 2

முதல் கேள்வி கேட்டவர் வந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் அவர் எண் 38இலிருந்து 37 ஆகியிருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் நேரம் ஆறு நிமிடம் குறைந்திருக்கிறது. எது முன்னேற்றம் என்று கேட்கிறார். ஐயா, பந்தயத்தில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து மெடல் கொடுக்கிறார்கள்?

நண்பர் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டாராம், அதில் குறை இல்லை. ரத்தசோகை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை எந்தக் கடிகாரமும் அவருக்குச் சொல்லவில்லை.

ஜூன் 5

பட்டை சரியாக வேலை செய்யவில்லை என்பவருக்கு: உள்ளே ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், மாற்றிப் பாருங்கள். அதற்கு முன், பட்டையைச் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள். வியர்வை உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். அலசுமுன் கருவியைக் கழற்றிவிடுங்கள். நான் ஒரு முறை கழற்றாமல் சலவை இயந்திரத்தில் போட்டேன். பட்டையின் விலையை வீட்டில் சொல்ல வேண்டி வந்தது அன்றுதான்.

ஜூன் 8

மனைவிக்கு ஒரு வாரம் கடிகாரத்தைக் கட்டிவிட்டேன். சராசரி 27. "குறைவா?" என்றாள். உனக்கு இதுதான் வழக்கமா என்று தெரிய இன்னும் இரண்டு வாரம் கட்ட வேண்டும் என்றேன். கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள், மாவாட்டும்போது இடிக்கிறதாம்.

நேந்திரம் என்ன ஆயிற்று என்று நான்கு பேர் விடாமல் கேட்கிறீர்கள். அன்றே ஆவியில் வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டோம். கடைசி வரை 74தான்.